நடு ஆற்றில் நான்கு பேர்

எங்கள் ஓடம் கரையை விட்டுக் கிளம்பி ஆறு வருடம் ஆகிறது. இப்போதுதான் ஆற்றின் பாதிக்கு வந்திருக்கிறோம். இதைச் சொன்னால் தூத்துக்குடியில் சிரிக்காத ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் தங்கராசு சிரிப்பதோடு விடுவதில்லை, மிரட்டவும் செய்வார். எங்களுக்குள் சின்னதாக ஓர் உரசல் வந்தால் போதும், "இந்தா பாரு, ஓடம் கரை சேருதா இல்லையான்னு இப்பவே சொல்லிருவேன்" என்பார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிடுவேன். சண்டையில் அவர் ஜெயித்துவிடுவார்.

ஓடம் என்றால் நிஜ ஓடம் இல்லை, ஒரு காவியத்தில் வருகிற ஓடம். தோணித்துறைக் காதை என்று பெயர். அறுநூற்றுப் பதினெட்டுப் பாட்டு. போரில் தோற்ற அரசன் ஒருவன் உப்பு வணிகன் வேடத்தில் துறைக்கு வந்து, அக்கரையில் விடச் சொல்கிறான். ஓடக்காரியின் பெயர் பொன்னாழி. இந்த அரசனுடைய போருக்குப் போய்த்தான் அவளுடைய தம்பி செத்தான். வந்திருப்பவன் யார் என்று நாற்பதாவது பாட்டிலேயே அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் கண்டுபிடித்தது அவனுக்குத் தெரியாது. அக்கரையில் இறக்கிவிடுவாளா, நடு ஆற்றில் கவிழ்த்துவிடுவாளா? கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே போவது.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நாங்கள் நான்கு பேர் திரையில் கூடுவோம். வாரத்துக்கு ஒரு பாட்டு. அதற்கு மேல் ஒரு வரிகூடக் கிடையாது. பெருந்துறையில் மஞ்சள் குடோன் வைத்திருக்கும் சென்னியப்பன், வியாசர்பாடியில் லிப்ட் மெக்கானிக்காக இருக்கும் டில்லிபாபு, யாழ்ப்பாணத்திலிருந்து போய் டொரொண்டோவில் தாதியாக இருக்கும் தவமலர், அப்புறம் ஜெயக்கனி என்கிற நான். தவமலருக்கு அது சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். கையில் தேத்தண்ணீரோடு வந்து உட்காருவார்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டைப் பேசி முடித்ததும், அடுத்த பாட்டில் என்ன வரும் என்று ஆளுக்கொரு ஊகம் எழுதி, ஊகப்பலகை என்று நாங்கள் சொல்லும் பக்கத்தில் போட வேண்டும். அடுத்த வாரம் பார்ப்போம். யார் ஊகம் சரியோ அவர்தான் அந்தப் பாட்டை வாய்விட்டு வாசிக்க வேண்டும். யாருமே சரியில்லை என்றால் முறை வைத்து வாசிப்போம். இரண்டு மூன்று வருடமாக என் ஊகம் மட்டும்தான் பலித்துக்கொண்டிருந்தது. "கனியக்கா மூளையே மூளை" என்பான் டில்லிபாபு. நானும் என்னை ஒரு பெரிய மேதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கூட்டம் ஏன் ஊருக்குச் சிரிப்பாகப் போனது என்றால், இப்போது யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டிய அவசியம் இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டி நான்கு நிமிடம் உட்கார்ந்தால் நூறு புத்தகம் மண்டைக்குள் ஏறிவிடும். லோடு என்கிறார்கள். கல்யாண வீட்டில் சமையல்காரர்கூடக் காவியத்திலிருந்து மேற்கோள் காட்டுகிறார். நல்லதுதான், குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்றைத் தவிர. ஒருவர் கதை சொல்ல, இன்னொருவர் "அப்புறம்?" என்று கேட்பது நின்றுபோய்விட்டது. எல்லோருக்கும் எல்லாமே தெரியும் என்றால் யார் யாரிடம் கேட்பார்கள்?

நாங்கள் நால்வரும் தோணித்துறைக் காதையை லோடு செய்வதில்லை என்று முதல் நாளே சத்தியம் செய்திருந்தோம்.

என் பிழைப்பு துறைமுகத்தில். டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணுகிற வேலை. இயந்திரமும் எண்ணும், நானும் எண்ணுவேன், இரண்டும் ஒத்துப்போனால்தான் கப்பலை விடுவார்கள். ஒரு பெட்டி குறைந்தாலும் 'ஷார்ட்' என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒரு ஷார்ட்டையும் நான் எழுதாமல் விட்டதில்லை. வெயிலில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. இந்தச் சமயத்தில்தான் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு அதிகாரி வேலை வந்தது. ஏசி, நாற்காலி, ஜன்னல் வழியே முழுக் கடல்.

ஆனால் அந்தப் பதவிக்குத் தகுதித் தொகுப்பை லோடு செய்திருக்க வேண்டும். துறைமுகச் சட்டம், கப்பல் சைகை எல்லாம் சரி. கூடவே பண்பாட்டுத் தொகுப்பு என்று நூறு இலக்கியத்தையும் சேர்த்து வைத்திருந்தார்கள். சோப்புத்தூள் வாங்கினால் வேண்டாவிட்டாலும் தலையில் கட்டுவார்களே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அந்த மாதிரி. நூறில் நாற்பத்தேழாவது தோணித்துறைக் காதை. வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மூன்று நாள் நன்றாகச் சாப்பிடவில்லை. "ஒரு ஓடத்துக்காகவா இவ்வளவு?" என்றார் தங்கராசு. அந்தத் தடவை அவர் மிரட்டவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். அதுதான் என்னை முடிவெடுக்க வைத்தது. வியாழக்கிழமை மத்தியானம் பீச் ரோட்டில் இருக்கும் லோடு நிலையத்துக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் என் வயதுக்காரர், நரைத்த மீசை. சட்டையில் ஜெயசீலன் பர்னாந்து என்று பெயர் தைத்திருந்தது.

"வலிக்காதும்மா. நாலு நிமிசம்தான்."

"ஏறினா எப்படி இருக்கும்?"

"எப்பவோ பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி இருக்கும். கூப்பிட்டாத்தான் வரும், தானா வந்து முன்னால நிக்காது. என்ன, படிச்சது ஞாபகம் இருக்கும், படிச்ச நாள் ஞாபகம் இருக்காது. எங்க உக்காந்து படிச்சோம், எந்த இடத்துல அழுதோம், அது ஒண்ணும் இருக்காது."

"நீங்க எத்தன ஏத்திருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்ல. மிஷின்ல நிக்கிற ஆளு லோடு பண்ணக் கூடாது. காலைல எங்க மண்டையில வச்சுத்தான் மிஷின சரிபாக்காங்க. வெறும் மண்டையா இருக்கணும்லா" என்று சிரித்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். "இதுல எதையாவது பாதியில படிச்சுக்கிட்டு இருக்கியளா?"

"ஆமா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பன்னெண்டு வருசமா இந்தக் கேள்வியக் கேக்கேன். ஆமான்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

அவ்வளவுதான், எனக்கு வாய் திறந்துகொண்டது. பொன்னாழி, அவள் தம்பி, உப்பு மூட்டைக்குள் ஒளித்திருக்கும் வாள், போன வாரம் படித்த முந்நூற்று ஒன்பதாம் பாட்டில் காற்று நின்றுபோனது எல்லாவற்றையும் கொட்டினேன். கால்மணி நேரம் போனதே தெரியவில்லை. நான் நிறுத்தியதும் அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்து, "அப்புறம்?" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்புறம் தெரியாது. நாங்க அங்கதான் நிக்கோம்."

"ஆத்துல தள்ளிருவாளோ?"

"இந்த நாலு நிமிசத்துல தெரிஞ்சிரும்லா" என்றேன். "அந்த ஒண்ண மட்டும் விட்டுட்டு மீதிய ஏத்த முடியாதா?"

"நூறும் ஏறுனாத்தாம்மா சர்ட்டிபிகேட். ஒண்ணு குறைஞ்சது தெரிஞ்சா என் வேலை போயிரும்." அவர் படிவத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்து வைத்தார். "கண்ண மூடுங்க."

வெளியே வரும்போது கையில் சான்றிதழ் இருந்தது. நூல்கள்: நூறு. பஸ் நிறுத்தத்தில் நின்று, தொகுப்பிலிருந்த வேறொரு காவியத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மடமடவென்று வந்தது, கடைசி வரி வரைக்கும். தோணித்துறைக் காதையை மட்டும் கூப்பிடவே மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். பீரோவில் ஸ்வீட் பெட்டி இருந்தால் திறந்தே ஆகவேண்டுமா என்ன? கூட்டத்தில் சொல்லவும் போவதில்லை. ஏமாற்றுவேன். ஏமாற்றியாவது ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றிக்கொள்வேன்.

சனிக்கிழமை வேலை இல்லை. தெரியாத ஆள் எப்படி ஊகம் எழுதுவான் என்று படித்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்று ஊகப்பலகையை முதல் வாரத்திலிருந்து எடுத்துப் பார்த்தேன். கை தானாகப் பெட்டி எண்ண ஆரம்பித்துவிட்டது. சரி, தப்பு, தப்பு, சரி. எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணினேன்.

டில்லிபாபு எழுபத்து நான்காம் வாரம் வரை ஐந்துக்கு ஒன்று சரியாகச் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சரியில்லை. சென்னியப்பன் நூற்று முப்பத்தோராம் வாரத்தோடு நின்றுவிட்டார். தவமலர் நூற்று அறுபத்திரண்டோடு. அதற்குப் பிறகு இந்த மூன்று பேரும் சேர்ந்து ஐந்நூற்றுக்கு மேல் ஊகம் எழுதியிருக்கிறார்கள், ஒன்றுகூடத் தவறியும் பலிக்கவில்லை. எண்ணிப் பிழைக்கிறவளுக்கு இது போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிகிறவன் கல்லும் எப்போதாவது மாங்காயில் படும். ஒரு தடவைகூடப் படவில்லை என்றால் அவன் கண் திறந்திருக்கிறது, மாங்காய் எங்கே இருக்கிறது என்று பார்த்து விலக்கி எறிகிறான்.

என் மேதைமை அன்றோடு போனது. போட்டியில் நான் ஒருத்திதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிறு காலை மூன்று முகமும் திரையில் வந்ததும் நானே ஆரம்பித்தேன். "ஒரு விஷயம் சொல்லணும். வியாழக்கிழமை நான் லோடு பண்ணிட்டேன். வேலைக்காக. சத்தியத்த மீறிட்டேன். மன்னிச்சிருங்க. ஆனா நான் மட்டும் மீறல. டில்லிபாபு, எழுவத்தஞ்சாவது வாரத்துல உனக்கு என்ன நடந்துச்சு?"

டில்லிபாபு பேய் அறைந்தவன் போல ஆனான். "அக்கா... லைசன்ஸ் எக்ஸாம்ல கம்பல்சரின்ட்டாங்கக்கா. இன்னா பண்றது? நான் ஒர்த்தன்தான் பிராடுன்னு இத்தினி வர்சம் மூஞ்ச வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்."

"அடக் கருமமே!" என்றார் சென்னியப்பன். "நானுந்தானுங்க. பையன் என்ற பொறந்தநாளைக்குன்னு கூட்டிட்டுப் போயி ஏத்தி உட்டுப்போட்டானுங்க. வேண்டாங்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. உங்களுக்கெல்லாந் தெரிஞ்சா என்னைய வெலக்கிருவீங்கன்னு வாயே தொறக்குலீங்."

தவமலர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு ஆப்பரேசன் நடந்ததல்லோ, அப்ப ஆஸ்பத்திரியில பொழுது போகட்டும் எண்டு ஏத்திப் போட்டாங்கள். முழிச்சுப் பாத்தா முழுக் கதையும் உள்ளுக்குக் கிடக்குது. நான் அண்டைக்கு அழுத அழுகை ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரிஞ்ச பிறகும் ஏன் ஒவ்வொரு வாரமும் வந்தீங்க?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

தவமலர்தான் பேசினார். "பிள்ளை, எனக்குக் கதை தெரியும். ஆனா அது என்னட்ட வந்த நாள் இல்லை. நீங்கள் வாசிக்கேக்க உங்கட முகத்தில அது வரும். நூற்றித் தொண்ணூறாம் பாட்டில அந்தத் தம்பியின்ட பேரை அரசன் சொன்ன உடன நீங்கள் கதிரையில இருந்து எழும்பிட்டியள், ஞாபகம் இருக்கோ? எனக்கு அந்தப் பாட்டு அண்டைக்குத்தான் கிடைச்சது."

"எனக்கும் அப்படித்தானுங் அம்மணி" என்றார் சென்னியப்பன். "வாரம் பூரா குடோனுக்குள்ள இருக்கறப்ப, கனியம்மணி இந்தப் பாட்டுக்கு என்ன சொல்லுமோன்னு நெனச்சுட்டே இருப்பனுங்க."

கோபம் போய் வெட்கம் வந்தது. மூன்று பேர் என் முகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த முகத்தைத்தான் நான் வியாழக்கிழமை நான்கு நிமிடத்தில் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அப்ப இப்ப தெரியாத ஆளே இல்லியாக்கா?" என்றான் டில்லிபாபு. ஓடத்தில் நான்கு பேர், நால்வருக்கும் கரை தெரியும். இனி எதற்குத் துடுப்பு?

"அப்ப ஒழுங்கா முடிச்சுப் போடுவம்" என்றார் தவமலர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலு பேரும் கடைசிப் பாட்டை ஒண்டா எழுதிப்போட்டு, கும்பிட்டு, கலைஞ்சு போவம். பொய் சொல்லிச் சொல்லி எனக்கும் களைச்சுப் போச்சு."

வேறு வழி தெரியவில்லை. நால்வரும் ஊகப்பலகையைத் திறந்தோம். எனக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி. மூன்று நாளாகக் கூப்பிடாமல் வைத்திருந்ததை இப்போது கூப்பிட வேண்டும். ஸ்வீட் பெட்டியைத் திறந்துவிட வேண்டியதுதான். கண்ணை மூடி, தோணித்துறைக் காதை, கடைசிப் பாட்டு என்று கூப்பிட்டேன்.

வரவில்லை.

மறுபடி கூப்பிட்டேன். எழுபதாம் பாட்டு வந்தது, கூடவே அன்றைக்கு டில்லிபாபு லிப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அங்கிருந்தே பேசியதும் வந்தது. நூற்றெட்டாம் பாட்டு வந்தது, பின்னால் சென்னியப்பன் வீட்டுச் சேவல் கூவுவதும் கேட்டது. வந்ததெல்லாம் நான் உட்கார்ந்து படித்ததுதான், படித்த நாளோடு. முந்நூற்று ஒன்பதில் காற்று நின்றது. அதற்கு மேல் வெறும் தண்ணீர்.

"ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். பத்தொன்பது வருடமாக ஊரார் பெட்டியை எல்லாம் எண்ணியவள், என் மண்டைக்குள் இறங்கிய சரக்கை எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! நாற்பத்தாறு இருந்தது. நாற்பத்தெட்டு இருந்தது. மொத்தம் தொண்ணூற்றொன்பது.

நரைத்த மீசை ஞாபகத்துக்கு வந்தது. ஒண்ணு குறைஞ்சது தெரிஞ்சா என் வேலை போயிரும் என்று சொன்ன மனிதர், அதற்கு அடுத்த நிமிடமே குறைத்திருக்கிறார். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எழுதாதீங்க!" என்று கத்தினேன். அடுக்களையிலிருந்து தங்கராசு ஓடி வந்தார். "டில்லி, கைய எடு! அழி! எல்லாத்தையும் அழி! என்கிட்ட இல்ல! எனக்குத் தெரியாது!"

"இன்னாக்கா தெரியாது?"

"முடிவு தெரியாது! அவர் ஏத்தவே இல்ல!" நான் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டேன். விரல் இடுக்கு வழியாகக்கூடப் பார்க்கவில்லை. அழித்தாயிற்று என்று மூன்று பேரும் மூன்று தடவை சத்தியம் செய்த பிறகுதான் கையை எடுத்தேன். இவர்கள் சத்தியத்தின் லட்சணம் தெரிந்தும் நம்பினேன். சென்னியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தவமலர் மட்டும் தேத்தண்ணீரை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்துவிட்டு, "சரி பிள்ளை, முந்நூற்றுப் பத்து. வாசியுங்கோ" என்றார்.

போன வாரம் நான் எழுதிய ஊகம், பொன்னாழி தன் தம்பியின் பெயரைச் சொல்லி அரசனை நேருக்கு நேர் கேட்பாள் என்பது. அதே நம்பிக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். காற்று நிற்கிறது. ஓடம் நடு ஆற்றில் நிற்கிறது. அரசன் தலை குனிந்திருக்கிறான். பொன்னாழி எழுந்திருக்கிறாள். இரண்டடி வைத்து அவன் முன்னால் வருகிறாள். தன் துடுப்பை அவன் மடியில் வைத்துவிட்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, இனி நீ தள்ளு என்கிறாள்.

"ஐயய்யோ!" என்றேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். "அவன்கிட்டயா குடுத்தா? வாளும் அவன்கிட்ட, துடுப்பும் அவன்கிட்ட! இவளுக்கு என்ன கிறுக்கா?"

திரையில் மூன்று முகமும் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உதட்டை இறுக்க மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். அன்றைக்கு அந்த ஒரு பாட்டை இரண்டரை மணி நேரம் பேசினோம்.

திங்கட்கிழமை கட்டுப்பாட்டு அறையில் சேர்ந்தேன். நாற்காலி நன்றாக இருந்தது, கடலும் நன்றாக இருந்தது. பதினொரு மணிக்கு லோடு நிலையத்திலிருந்து வழக்கமான கேள்வித்தாள் திரையில் வந்தது. தொகுப்பிலுள்ள நூறு நூல்களும் குறைவின்றி வந்து சேர்ந்தனவா?

விரல் முதலில் 'இல்லை' பக்கம்தான் போனது. ஷார்ட் என்று எழுதிப் பழகிய கை அல்லவா? 'ஆம்' என்பதைத் தொட்டேன்.

அதற்குக் கீழே, நிலைய ஊழியரிடம் ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு கட்டம் இருந்தது. கொஞ்சம் யோசித்து இப்படி எழுதினேன்: "தள்ளல. துடுப்ப அவன் கையிலயே குடுத்துட்டா."

அனுப்பிவிட்டு ஜன்னல் வழியே ஒரு கப்பல் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது துறைக்குள் நுழைவதற்குள் பதில் வந்துவிட்டது, ஒரே ஒரு சொல்.

"அப்புறம்?"